'ஈகோ' விடுதி: பச்சை இலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஐரோப்பாவில் வாழும் நம்மில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு தேதி 2026 செப்டம்பர் 27. ஐரோப்பிய ஒன்றியம் 2024 பிப்ரவரியில் நிறைவேற்றிய ஒரு நுகர்வோர் பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வரும் நாள் அது. அதன் சாரம் ரொம்ப எளிது. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'பசுமையானது', 'ஈகோ' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி எதையும் விற்கக் கூடாது. சொன்னால் நிரூபிக்க வேண்டும். கம்பெனியே டிசைன் பண்ணி ஒட்டிக்கொள்ளும் பச்சை முத்திரைகளுக்கும் தடை. அரசு அமைப்போ, முறையான சான்றளிப்புத் திட்டமோ பின்னால் இருந்தால்தான் முத்திரை செல்லும். எங்கேயோ மரம் நட்டுவிட்டோம், அதனால் இந்தப் பொருள் 'கார்பன் நியூட்ரல்' என்று சொல்லவும் முடியாது.

சோப்புக்கும் சட்டைக்கும் மட்டுமான விதி இல்லை இது. நாம் விடுமுறைக்குப் பதிவு செய்யும் ஹோட்டல் அறைக்கும் இது பொருந்தும். அங்கேதான் நம்ம கதை ஆரம்பிக்கிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை, இல்லை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஊருக்குப் போகிறோம். சொந்தக்காரர் வீடு, கோயில், கல்யாணம் எல்லாம் முடிந்த பிறகு பிள்ளைகளுக்காக நாலு நாள் ஒதுக்குகிறோம். கொடைக்கானல், மசினகுடி, வயநாடு, ஆலப்புழை, திருகோணமலை என்று அவரவர் ஊருக்குத் தகுந்த மாதிரி ஒரு பட்டியல். இங்கே பள்ளியில் பருவநிலை மாற்றம் பற்றிப் படித்து வளர்ந்த பிள்ளைகள், 'ஈகோ ரிசார்ட்டா பாருங்கப்பா' என்று கேட்கிறார்கள். தேடினால் நூறு கிடைக்கிறது. மர வீடு, மண் வீடு, மூங்கில் குடில், கூடாரம், படகு வீடு, ஹோம்ஸ்டே, பண்ணை வீடு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பச்சை இலை.

என் வாதம் இதுதான். விடுதி என்ன வகை, எதால் கட்டியது என்பதை வைத்து அது இயற்கைக்கு நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அது எந்த இடத்தில் நிற்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, நாம் கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது என்ற நான்கையும் பார்த்தால்தான் தெரியும். இந்த நான்கையும் ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் எந்தச் சான்றளிப்பு நிறுவனத்தையும் விட நாம் நன்றாக விசாரிக்க முடியும். நமக்கு அந்த ஊர் மொழி தெரியும்.

துண்டில் ஆரம்பித்த கதை

'கிரீன்வாஷிங்' என்ற சொல் பிறந்ததே ஒரு விடுதியில்தான். ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆர்வலர் 1980களில் ஃபிஜித் தீவுகளுக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு ரிசார்ட்டில் ஓர் அட்டையைப் பார்த்தார். கடலையும் பவளப்பாறையையும் காப்பாற்றத் துண்டுகளைத் திரும்பப் பயன்படுத்துங்கள் என்று விருந்தினரைக் கேட்டுக்கொண்டது அந்த அட்டை. அதே நேரத்தில் அந்த ரிசார்ட் தன் கட்டடங்களை விரிவாக்கிக்கொண்டிருந்தது. 1986இல் எழுதிய கட்டுரையில் இதை அவர் 'கிரீன்வாஷிங்' என்று குறிப்பிட்டார். பச்சை வெள்ளையடிப்பு என்று நாம் சொல்லலாம்.

நாற்பது வருஷம் ஆகியும் அந்த அட்டை மாறவில்லை. இன்றைக்கும் குளியலறையில் தொங்குகிறது. துண்டைத் துவைக்காமல் விட்டால் தண்ணீர் மிச்சம்தான், அதில் தப்பில்லை. ஆனால் அதில் முதலில் மிச்சமாவது ஹோட்டலின் சலவைச் செலவு. அந்த மிச்சத்துக்கு ஒரு பச்சை இலையும் போட்டுக்கொண்டால் இரட்டை லாபம்.

இலை எப்படி உதிர்ந்தது

நான் வசிக்கும் நெதர்லாந்தில் 2024 மார்ச்சில் நடந்ததைப் பார்த்தால் இந்த முத்திரை விஷயம் புரியும். ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட புக்கிங் டாட் காம், 2021 முதல் 'டிராவல் சஸ்டெய்னபிள்' என்ற பெயரில் விடுதிகளுக்கு அடையாளம் கொடுத்து வந்தது. பிளாஸ்டிக் பாட்டில் தவிர்ப்பது, எல்இடி விளக்கு, உள்ளூர் உணவு என்று ஒரு பட்டியலில் விடுதிக்காரர் என்னென்ன செய்வதாகச் சொல்கிறாரோ, அதை வைத்து மதிப்பிட்டுப் பச்சை இலை காட்டினார்கள். நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தைகள் ஆணையம் இதில் தலையிட்டது. இந்த அடையாளத்தைப் பார்க்கிறவர்கள் அங்கே தங்குவதே நீடித்த பயணம் என்று தவறாக நினைக்க வாய்ப்பு இருக்கிறது என்பது ஆணையத்தின் கவலை. கம்பெனி அந்தத் திட்டத்தை விலக்கிக்கொண்டது. வெளியார் சான்றிதழ் வாங்கிய விடுதிகளை மட்டும் அப்படிக் காட்டும் முறைக்கு மாறியது.

அதே மாதம் 20ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் கேஎல்எம் விமான நிறுவனத்தின் பசுமை விளம்பரங்கள் பலவற்றைத் தவறாக வழிநடத்துபவை என்று தீர்ப்பளித்தது. மரம் நட்டு விமானப் புகையை ஈடுகட்டலாம் என்ற தொனியும் அதில் சேர்த்தி.

மென்பொருள் துறையில் இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு தேடல் பக்கத்தில் 'ஈகோ' என்ற வடிகட்டியை வைப்பது டேட்டாபேஸில் ஒரு 'ஆம் / இல்லை' கட்டம். அந்தக் கட்டத்தை யார் நிரப்புகிறார்கள் என்பதுதான் விஷயம். விடுதிக்காரரே நிரப்பினால் அது அவருடைய விளம்பரம். மூன்றாவது ஆள் நேரில் போய்ப் பார்த்து நிரப்பினால் அது தகவல். திரையில் ரெண்டுக்கும் ஒரே இலைதான் தெரியும்.

நேரில் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ்கள் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ வடிவ 'ஈகோலேபல்', தங்குமிடங்களுக்கு என்று தனி அளவுகோல் வைத்திருக்கிறது. 1994இல் டென்மார்க்கில் தொடங்கிய 'கிரீன் கீ' இன்று பல நாடுகளில் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடி கொடுத்த அதே அமைப்புதான் 'கிரீன் கீ'யையும் நடத்துகிறது. இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பொய்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

ஆனால் சான்றிதழ் வாங்கக் காசு வேண்டும், ஆள் வேண்டும், காகித வேலை வேண்டும். நானூறு அறை ஹோட்டலுக்கு அது சின்னச் செலவு. ரெண்டு அறையை வாடகைக்கு விடும் குடும்பத்துக்கு முடியாத காரியம். அதனால் சான்றிதழை மட்டும் நம்பினால், ஏசியும் நீச்சல்குளமும் வைத்த பெரிய ஹோட்டல் பச்சையாகவும், ஃபேனும் கிணற்றுத் தண்ணியும் உள்ள சின்ன வீடு பச்சை இல்லாததாகவும் தெரியும். சட்டம் பொய்யைக் குறைக்கும். உண்மையை நம் கையில் கொண்டு வந்து தராது.

வகை வகையாய்ப் பார்த்தால்

மண் வீடு, மூங்கில் குடிலில் இருந்து தொடங்கலாம். ஆரோவில் புவி நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கும் அழுத்திய மண் கல், சூளையில் சுடாத கல். மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தி, நனைத்து, உலர்த்தி எடுப்பது. விறகும் நிலக்கரியும் எரிப்பதில்லை என்பதால் கட்டும்போதே புகை குறைவு. கனமான சுவர் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். நல்ல விஷயம். ஆனால் அதே மண் சுவருக்குள் ரெண்டு டன் ஏசியை மாட்டி, வெளியே தனித்தனி நீச்சல்குளம் கட்டி, ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால் மண் சுவர் வெறும் ஒப்பனை.

படகு வீட்டை எடுங்கள். ஆலப்புழையின் கெட்டுவள்ளம் பலாப்பலகையைக் கயிற்றால் கட்டிச் செய்த பழைய நெல் படகு. பொருளைப் பார்த்தால் அதைவிட இயற்கையான தங்குமிடம் இல்லை. ஆனால் இன்றைய படகில் டீசல் இன்ஜின் ஓடுகிறது, ஏசிக்கு ஜெனரேட்டர் ஓடுகிறது, கழிப்பறை இருக்கிறது. அந்தக் கழிவு கரையில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா, காயலுக்குள் போகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்துத் தீவில் கடலோர விதியை மீறிக் கட்டிய சொகுசு ரிசார்ட் ஒன்றை உச்ச நீதிமன்றத்தின் 2020 உத்தரவுப்படி 2022 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். எவ்வளவு அழகாகக் கட்டினாலும் இடம் தப்பு என்றால் தப்புதான்.

இடத்தைப் பற்றிப் பேசும்போது இலங்கையின் கண்டலமையைச் சொல்லாமல் விட முடியாது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறந்த ஹோட்டல். கட்டத் தொடங்கியபோது பௌத்த பிக்குகளும் சூழல் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். ஹோட்டல் கழிவு குளத்தில் கலந்துவிடும் என்ற பயம் அந்த எதிர்ப்பில் பெரிய பங்கு. சிகிரியாவின் காலடியில் கட்டச் சொன்ன இடத்தை வேண்டாம் என்று சொல்லி, தள்ளியிருந்த பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தவர் பாவா. பாறையை உடைத்துத் தள்ளாமல் தூண்கள் மேல் கட்டடத்தை நிறுத்தினார். 2000இல் அமெரிக்காவின் லீட் பசுமைக் கட்டடச் சான்று அதற்குக் கிடைத்தது. கூரையிலும் சுவரிலும் படர்ந்த கொடிகளைத்தான் படத்தில் பார்க்கிறோம். எனக்கு அந்த எதிர்ப்புதான் முக்கியமாகத் தெரிகிறது. குளத்துத் தண்ணி என்ன ஆகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டதால் கழிவுநீர் பற்றிப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் அந்தக் கட்டாயமும் இருக்காது.

பழைய வீடுகள் இன்னொரு வகை. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் செட்டிநாட்டு வீடுகள் சில விடுதிகளாக மாறியிருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் பழைய நாற்சார் வீடுகளைத் திருத்தி விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். முற்றம், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை எல்லாம் நம்ம வெயிலுக்கு என்றே வந்த கணக்கு. அதைவிட முக்கியம், புதுசாகச் சிமெண்டும் இரும்பும் வாங்கவில்லை. ஏற்கெனவே நிற்கும் வீட்டைத் திருத்தி வாழவைப்பதைவிடப் பசுமையான கட்டுமானம் எனக்குத் தெரிந்து இல்லை. இடிந்து விழ விட்டிருந்தால் தேக்கு மரத்தூண் பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும்.

கடைசியாக ஹோம்ஸ்டே. குடும்பம் அதே வீட்டில் வசிக்க, ஒன்றிரண்டு அறையை மட்டும் விருந்தினருக்குத் தருவதுதான் ஹோம்ஸ்டே. காசு நேராக அந்த வீட்டுக்குப் போகும், சாப்பாடு அந்த ஊர்ச் சந்தையில் வாங்கியதாக இருக்கும். இன்றைக்குப் பல மலை ஊர்களில் 'ஹோம்ஸ்டே' என்ற பலகைக்குப் பின்னால் இருப்பது வெளியூர் முதலாளியின் பத்து அறைக் கட்டடமும் சம்பளத்துக்கு ஒரு மேலாளரும். பெயர் மட்டும் வீடு.

சீகூர் சொல்லும் பாடம்

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் நீலகிரியின் சீகூர் பீடபூமிக்கு வரவேண்டும். முதுமலைக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வரும் வழி. மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம் எல்லாம் இந்தப் பகுதியில்தான். காட்டைப் பார்த்தபடி அறை, ஜன்னலைத் திறந்தால் மான் என்று விளம்பரம் செய்த ரிசார்ட்டுகள் வரிசையாக வந்தன. வேலி போட்டார்கள், சிலர் மின்வேலி போட்டார்கள். யானை வழி சுருங்கியது.

2010இல் தமிழ்நாடு அரசு இதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 27 விடுதிகளுக்குச் சீல் வைக்க உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்டவர்களின் மனுக்களை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிக்குப் பக்கத்தில் வந்த யானை மீது எரியும் டயரை வீசிய காணொளி வெளியானது. ஏற்கெனவே காயம்பட்டிருந்த அந்த யானை, சிகிச்சைக்குக் கொண்டு போகும் வழியிலேயே இறந்தது. லாரியில் கிடந்த யானையின் தும்பிக்கையைத் தடவி வனத்துறை ஊழியர் ஒருவர் அழுததை நம்மில் பலர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்போம். அந்தத் தங்குமிடம் அனுமதியில்லாமல் நடந்தது என்று அதிகாரிகள் சீல் வைத்தார்கள்.

யானை வழியில் நிற்கும் விடுதி சூரிய ஒளி மின்சாரம் வைத்தாலும், மக்காத பிளாஸ்டிக்கைத் தடை செய்தாலும், மூங்கில் பிரஷ் கொடுத்தாலும் அது ஈகோ ஆகாது. பட்டியலில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கும். யானைக்கு வழி இருக்காது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சீகூரில் ரிசார்ட் முதலாளிகள் மட்டும் இல்லை. இருளர், குறும்பர் போன்ற பழங்குடி மக்களும், சின்ன நிலம் வைத்திருப்பவர்களும், ஜீப் ஓட்டுகிறவர்களும், சமையல் வேலைக்குப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். விடுதியை மூடினால் முதலில் வேலை போவது இவர்களுக்குத்தான். அதனால் 'யாரும் போகாதீங்க' என்பது பதில் ஆகாது. எங்கே, எத்தனை பேர், யார் நடத்தும் இடம் என்பதில்தான் பதில் இருக்கிறது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் கொண்டுவந்த இ-பாஸ் முறையும் இந்த 'எத்தனை பேர்' என்ற கேள்வியிலிருந்து வந்ததுதான். மலை எவ்வளவு தாங்கும் என்று ஆய்வு செய்ய சென்னை ஐஐடியும் பெங்களூரு ஐஐஎம்மும் களத்தில் இறங்கின. இ-பாஸ் எடுக்க அஞ்சு நிமிஷம் ஆகிறது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். சீசனில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் மலைவாசியிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

விமானத்தையும் கணக்கில் சேர்ப்போம்

பிரிட்டன் அரசு, கம்பெனிகளின் கார்பன் கணக்குக்காக ஒவ்வொரு நாட்டு ஹோட்டல் அறைக்கும் சராசரி எண் வெளியிடுகிறது. ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு பிரிட்டனில் சுமார் 10 கிலோ கரியமில வாயு. இந்தியாவில் சுமார் 60 கிலோ. மாலத்தீவில் சுமார் 150 கிலோ. ஏன் இவ்வளவு வித்தியாசம்? இந்தியாவில் ஏசி ஓடுவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரத்தில். மாலத்தீவில் டீசல் ஜெனரேட்டர், அதிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம்.

இப்போது விமானம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து சென்னை ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். போய்வர ஓர் ஆளுக்கு, கணக்கிடும் முறையைப் பொறுத்து 1 டன்னிலிருந்து 2.5 டன் வரை. நடுவில் 1.5 டன் என்று வைத்துக்கொண்டால் நாலு பேர் குடும்பத்துக்கு 6 டன். அதே குடும்பம் ஓர் அறையில் 20 இரவு தங்கினால் சுமார் 1.2 டன். அறை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் விமானத்தின் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தொட முடியும்.

இதைச் சொல்வது யாரையும் குற்ற உணர்ச்சியில் தள்ள இல்லை. அம்மா அப்பாவைப் பார்க்கப் போவதை கார்பன் தராசில் வைக்க முடியாது. பிள்ளைகள் தாத்தாவோடு தமிழில் பேசுவதற்கு எந்த ஈடும் கிடையாது. ஆனால் கணக்கு நமக்கு ஒன்று சொல்கிறது. ரெண்டு குட்டிப் பயணத்தைவிட ஒரு நீளமான பயணம் நல்லது. கம்பெனி அனுமதித்தால் ரெண்டு வாரம் ஊரிலிருந்தே வேலை பார்த்து, ஒரே டிக்கெட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டு வரலாம். வந்த இடத்திலிருந்து 'அப்படியே மாலத்தீவு' என்று இன்னொரு விமானம் ஏறுவதைத் தவிர்த்தால், எந்த ஈகோ அறையும் மிச்சப்படுத்தாத அளவு மிச்சம். உள்ளூரில் ரயில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்குப் படுக்கை வசதி ரயில் எடுத்துவிட்டு அங்கிருந்து மலை ஏறினால் பிள்ளைகளுக்கும் அது கதை.

விருந்தாளி முதலாளி ஆகும்போது

நம்மைப் பற்றிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாம் வெறும் விருந்தாளிகள் இல்லை, முதலீட்டாளர்களும். ஃபேஸ்புக்கைத் திறந்தால் 'என்ஆர்ஐகளுக்கு அரிய வாய்ப்பு, மலை அடிவாரத்தில் ஈகோ ஃபார்ம் பிளாட், நீங்க இல்லாதப்ப ஹோம்ஸ்டேவா விட்டு மாத வருமானம்' என்று விளம்பரம். கேட்க இனிப்பாக இருக்கிறது. சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் வீடோ, வணிகக் கட்டடமோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பரம்பரையாக வருவது வேறு கணக்கு. 'உங்க மச்சான் பேர்ல போட்டுக்கலாம் சார்' என்று ஏஜென்ட் சொன்னால், அது பினாமிச் சட்டத்தில் போய் முட்டும்.

அதோடு, மலைக் கிராமங்களில் மனையாகப் பிரிக்க மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவைப்படும். அந்த அனுமதிக் காகிதம் கையில் இல்லாமல் விற்கப்படும் 'ஈகோ' மனை, நாளைக்கு நீதிமன்றத்தில் சீகூர் மாதிரி இன்னொரு பெயராக வரக்கூடும். நம்ம சேமிப்பும் அதோடு போகும்.

ஈழத்து உறவுகளுக்கு இதில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் அடியில் தங்கும் மழைத் தண்ணீர்தான் கிணற்றில் ஊறுகிறது. அந்தக் கல் பஞ்சு மாதிரி. மேலே விட்டது கீழே இறங்கிவிடும். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் போய் நல்ல மனதோடு விருந்தினர் விடுதி கட்டுகிறவர்கள், பனையோலைக் கூரை போடுவதற்கு முன்னால் மலக்குழியைப் பற்றி யோசிக்க வேண்டும். அடிப்பக்கம் திறந்த குழி என்றால், பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் அதன் விளைவு தெரியும்.

போனில் ஐந்து கேள்வி

சரி, அப்ப என்னதான் பண்றது? பதிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. தமிழில் கேளுங்க. ஐந்து கேள்வி போதும்.

ஒன்று, 'இடம் சரியா எங்க இருக்கு? காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம்?' பிறகு செயற்கைக்கோள் வரைபடத்தில் நீங்களே பாருங்க. மூணு பக்கமும் காடு, ஒரு பக்கம் ஓடை என்றால் யோசிங்க. இரவு சஃபாரி உண்டு என்று ஆசை காட்டினால் போனை வெச்சிடுங்க.

ரெண்டு, 'உள்ளாட்சி லைசென்ஸ், சுற்றுலாத் துறைப் பதிவு இருக்கா?' வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு தங்குகிறவர்களின் விவரத்தை விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய விதி. 'பாஸ்போர்ட் எல்லாம் வேண்டாம் சார், சும்மா வாங்க' என்றால் அது பதிவில்லாத இடமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மூன்று, 'தண்ணி எதிலிருந்து வருது? வெயில் காலத்துல லாரித் தண்ணியா?'

நான்கு, 'கழிவுநீர் எங்க போகுது? குப்பையை யார் எடுக்கறாங்க?' இந்தக் கேள்விக்குத் திணறாமல் பதில் சொல்கிறவர்தான் உண்மையிலேயே யோசித்துக் கட்டியவர்.

ஐந்து, 'நீங்க அங்கேயே இருக்கீங்களா? வேலை செய்யறவங்க எந்த ஊர்?'

இந்த ஐந்துக்கும் நேர்மையான பதில் சொல்லும் இடத்தில் பச்சை இலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தங்கிவிட்டு வந்த பிறகு விமர்சனம் எழுதும்போது 'காலை டிபன் சூப்பர்' என்பதோடு நிறுத்தாமல், தண்ணியையும் கழிவையும் பற்றி ரெண்டு வரி எழுதுங்க. தமிழிலும் எழுதுங்க, ஆங்கிலத்திலும் எழுதுங்க. பணமும் கருத்தும் ஒரே இடத்திலிருந்து வரும்போது விடுதிக்காரர் காது கொடுப்பார்.

ஐரோப்பாவில் இந்த வேலையில் ஒரு பகுதியைச் சட்டம் செய்யப் பார்க்கிறது. அதுவும் முழுசாக இல்லை. பசுமை உரிமைகோரல்களை விற்பதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும் என்ற இன்னொரு வரைவு, 2025 ஜூனில் கடைசிக் கட்டப் பேச்சுவார்த்தையில் நின்றுபோனது. இங்கேயே அப்படி என்றால், கொடைக்கானல் சாலையோரத்தில் நிற்கும் 'ஈகோ காட்டேஜ்' பலகையைச் சரிபார்க்க பிரஸ்ஸல்ஸிலிருந்து யாரும் வரப்போவதில்லை. அந்தச் சாலையில் வருஷா வருஷம் போகிறவர்கள் நாம். நம்ம பிள்ளைகள் கேட்கும் 'ஈகோ' என்ற ஒரு சொல்லுக்கு அடியில் இந்த ஐந்து கேள்வியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், அடுத்த தடவை போனில் பேசுவது அவர்களாக இருக்கட்டும். தமிழ் தடுக்கினாலும் பரவாயில்லை. 'தண்ணி எங்கிருந்து வருது அண்ணா?' என்று கேட்கத் தெரிந்தால் போதும்.